மணற்கடலில் மோட்டார்த் தடங்கள்

எகிப்தின் மேற்கு எல்லையை ஒட்டி, மத்தியதரைக் கடற்கரைக்குத் தெற்கே சுமார் 300 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த பள்ளத்தில் சீவா என்னும் பாலைச்சோலை அமைந்துள்ளது. பேரீச்சையும் ஒலிவமும் விளையும் இவ்வூரில் வேளாண்மைக்கு அடுத்தபடியாக இன்று பலருக்கு வருவாய் தரும் தொழில், பயணிகளை நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் ஏற்றித் தெற்கிலுள்ள பெருமணற்கடலுக்குள் அழைத்துச் சென்று, பொழுது சாய்ந்ததும் ஊர் திரும்பச் செய்வதாகும். தோப்புகளைத் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, டயர்களில் உள்ள காற்றைக் கணிசமாக இறக்கிவிட்டு, மணற்குன்றின் காற்றெதிர்ச் சரிவில் வேகம் குறையாமல் நேராக ஏறுகிறார். சுமார் 15 கி.மீ. உள்ளே, எண்ணெய் தேடித் துளையிட்டபோது வெந்நீர் பீறிட்டதாகச் சொல்லப்படும் பீர் வாஹித் என்னும் கேணியில் பயணிகள் குளித்து, குன்றின் உச்சியில் கதிரவன் மறைவதைக் கண்டு திரும்புகின்றனர். துபாயிலும் பிற வளைகுடா நகரங்களிலும் வேலை பார்க்கும் தமிழர் பலர் விடுமுறை நாள்களில் மேற்கொள்ளும் பாலைவன உலாவும் ஏறத்தாழ இதே முறையில்தான் நடைபெறுகிறது.

கேளிக்கையாகிவிட்ட இப்பயணத்தின் முதன்மையான செய்கைகள், அதாவது டயரின் காற்றை இறக்குதல், குன்றை நேர்கொண்டு தாக்குதல், புதைந்த சக்கரத்தின் அடியில் உலோகத் தகடு செருகுதல் ஆகியவை, பெரும்பாலும் முதல் உலகப்போருக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடைப்பட்ட காலத்தில், இதே லிபியப் பாலைவனத்தில், மலிவான கார்களைக் கொண்டு சோதித்துச் செம்மைப்படுத்தப்பட்டவையாகும். பாலையை எந்திரம் வென்றது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. அது பிழையான சுருக்கம். எந்திரத்தின் வலிமையைக் காட்டிலும், மணல் எங்கே இறுகும், எங்கே நெகிழும் என்பதை ஓட்டியவர்கள் பொறுமையாகக் கற்றுக்கொண்டதே இங்கு வழியைத் திறந்தது.

லிபியப் பாலைவனம் என்பது நைல் ஆற்றின் மேற்கே எகிப்து, லிபியா, சூடான் ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்து கிடக்கும் சகாராவின் கிழக்குப் பகுதியாகும். அதன் நிலப்பரப்பு முழுவதும் மணல் அன்று. சரளை பரவிய சமவெளியை அரபு மொழியில் 'செரீர்' என்றும், பாறை நிறைந்த மேட்டு நிலத்தை 'ஹமாதா' என்றும் வழங்குவர். இவற்றுக்கு இடையே, சீவாவின் தெற்கில் தொடங்கி ஏறத்தாழ 72,000 சதுர கி.மீ. அளவுக்கு மணலே நிலமாகக் கிடக்கும் பகுதிதான் பெருமணற்கடல். இங்குள்ள மணற்குன்றுகள் தனித்தனிக் குவியல்களாக அல்லாமல், நிலைத்து வீசும் வடக்குக் காற்றின் போக்கில், வடக்கு தெற்காக நூற்றுக்கணக்கான கி.மீ. நீளும் இணைவரிசைகளாக அமைந்துள்ளன. ஆகவே வரிசைகளுக்கு இடைப்பட்ட தாழ்வுகளில் வடக்கிலிருந்து தெற்கே செல்வது இயலும். கிழக்கிலிருந்து மேற்கே கடப்பதோ ஒவ்வொரு வரிசையையும் ஏறி இறங்குவதாகும்.

ஜெர்மானியப் பயணி கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் 1874-ஆம் ஆண்டில் இதனைத் துன்பத்துடன் உணர்ந்தார். எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயிலின் பொருளுதவியோடு, நிலவியலாளர் சிட்டெல், நில அளவையாளர் யோர்டான் ஆகியோரையும் உடன் அழைத்துக்கொண்டு, தாக்லா பாலைச்சோலையிலிருந்து மேற்கே குஃப்ராவை அடைய அவர் புறப்பட்டார். வரிசை வரிசையாக எதிர்ப்பட்ட மணற்குன்றுகளை ஒட்டகங்கள் கடக்க இயலாமையால் அந்நோக்கத்தைக் கைவிட்டு, குன்றுகளின் போக்கிலேயே வடக்கே திரும்பிச் சீவாவை வந்தடைந்தார். திரும்பும் முன் தங்கிய இடத்தில் எதிர்பாராமல் மழை பெய்தமையால் அதற்கு 'மழைவெளி' எனப் பொருள்படும் ரேகன்ஃபெல்ட் என்ற பெயரை வைத்தார். ஒட்டகச் சாத்து, அதாவது வணிகருக்கும் பயணிக்கும் பொதுவான ஒட்டகக் கூட்டம், நாளொன்றுக்கு 40 கி.மீ. அளவே நடக்கும், ஒட்டகம் நீரின்றித் தாங்கும் நாள்களின் எல்லைக்குள் அடுத்த கேணி இருந்தாக வேண்டும். கேணியற்ற மணற்கடலின் நடுப்பகுதி அந்த எல்லைக்கு அப்பால் கிடந்தது.

நிலைமையை மாற்றியது போர். லிபியாவிலும் எகிப்தின் மேற்குப் பாலைச்சோலைகளிலும் பெருஞ்செல்வாக்குக் கொண்டிருந்த சனூசி என்னும் இசுலாமியச் சமய இயக்கத்தினர், உதுமானியப் பேரரசின் தூண்டுதலால் 1915-ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்தில் இருந்த பிரித்தானியரை எதிர்த்து எழுந்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மானிய நீர்மூழ்கியொன்று மூழ்கடித்த 'தாரா' என்ற கப்பலின் மாலுமிகள் சனூசியரிடம் ஒப்படைக்கப்பட்டு, பாலையின் உட்பகுதியில் உள்ள பிர் ஹகீம் என்னும் கேணியருகே சிறைவைக்கப்பட்டனர். 1916 மார்ச் 17 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் தலைமையில் ரோல்ஸ் ராய்ஸ் கவச கார்களும் ஃபோர்டு கார்களும் மருத்துவ ஊர்திகளும் சொல்லூம் பகுதியிலிருந்து விடியுமுன் கிளம்பி, 150 கி.மீ.-க்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, பிற்பகலில் அக்கேணியை அடைந்து, பட்டினியால் வாடிய 90-க்கும் மேற்பட்டோரை மீட்டன. ஒட்டகத்தில் பல நாள்கள் பிடிக்கும் வழியை ஒரே பகலில் கடக்க முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஐயமற்ற சான்றாயிற்று. அக்கேணி எங்குள்ளது என்பதை வரைபடம் காட்டவில்லை என்பதையும், இளமையில் அப்பக்கம் கால்நடை மேய்த்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் நினைவே கார்களை அங்குக் கொண்டு சேர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு முழுமை பெறாது.

கவச கார்கள் எடை மிகுந்தவை. கெட்டியான தரையில் விரைந்தோடினாலும் மணலில் புதைந்தன. எனவே அதே 1916-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகைக் கார்களைக் கொண்ட 'இலகு கார் ரோந்துப் படைகள்' அமைக்கப்பட்டன. இருபது குதிரைத்திறனே உடைய அக்கார், எடை குறைவாகவும் தரையிலிருந்து உயரமாகவும் இருந்தமையால், சிக்கிக்கொண்டாலும் நான்கைந்து பேர் தூக்கி நகர்த்தக்கூடியதாக இருந்தது. 1917 பிப்ரவரி தொடக்கத்தில் கார்ப் படைகள் பாலையைக் கடந்து வந்து சீவாவின் மேற்கிலுள்ள கிர்பாவில் சனூசியரைத் தாக்கின. சனூசித் தலைவர் சையது அகமது மேற்கே விலகிச் செல்ல, சீவா பிரித்தானியர் வசமாயிற்று. மோட்டார் வண்டி முதன்முதலாக இப்பாலைச்சோலைக்குப் பெருந்திரளாக வந்தது படையெடுப்பாகவே என்பதைச் சீவாவின் வரலாற்றில் மறைக்க இயலாது.

அப்படைகளில் ஒன்றின் தலைவரான நியூசிலாந்துக்காரர் கிளாட் வில்லியம்ஸ், போர் ஓய்ந்தபின் எகிப்தின் வடமேற்குப் பாலைவனத்தின் நிலவியல்பு பற்றி 1919-இல் அறிக்கையொன்று தந்தார். கேணிகளும் வழிகளும் தரையின் தன்மையும் அதில் விளக்கப்பட்டன. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பாலைவனப் பயணிகளுக்கு இவரும் இவர் போன்ற ரோந்துப் படையினரும் வழியமைத்துக் கொடுத்தும், இவர்கள் பெயர் நெடுங்காலம் மறந்து கிடந்தது நியாயமன்று. குறிப்பாக, காரின் நீர்ச்சிக்கனத்துக்கு வழி கண்டவர்கள் இவர்களே. அக்காலக் காரின் ரேடியேட்டர், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சுற்றிவரும் பெட்டி, மணலில் திணறி ஏறும்போது கொதித்து, நீராவியை வெளிக்குழாய் வழியே காற்றில் கலக்கவிடும். குடிநீரை எடுத்தே அதை நிரப்ப வேண்டியிருந்தது. ரோந்துப் படையினர் வெளிக்குழாயின் முனையை, பாதி நீர் நிரப்பிய தகரக் கலமொன்றில் முங்குமாறு பொருத்தினர். நீராவி அந்நீரில் பட்டுக் குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் அந்நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தகரக் கலமும் ஒரு ரப்பர் குழாயும் மட்டுமே தேவைப்பட்ட இந்த ஏற்பாடுதான், கேணியிலிருந்து கேணிக்குச் செல்லும் பழைய கட்டாயத்திலிருந்து பயணியை முதலில் விடுவித்தது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வேறு முயற்சிகளும் நடைபெற்றன. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம், பின்சக்கரங்களுக்கு மாற்றாக ரப்பர் பட்டைகள் சுழலும் ஐந்து வண்டிகளை 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துகூர்த்திலிருந்து அனுப்பி, 1923 ஜனவரி 7 அன்று திம்புக்துவை அடையச் செய்தது. அதே 1923-இல் எகிப்தின் அகமது ஹசனைன், சொல்லூமிலிருந்து குஃப்ரா வழியாகச் சூடான் வரை சுமார் 3,500 கி.மீ. ஒட்டகத்தில் சென்று, வரைபடத்தில் இல்லாத அர்க்கனு, உவைனாத் மலைகளைப் பதிவுசெய்தார். ஒட்டகக் காலத்தின் கடைசிப் பெரும்பயணம் என்று அதைக் கூறலாம். எகிப்திய இளவரசர் கமால் எல் தீன் ஹுசைன் பட்டை வண்டிகளில் தென்மேற்கே சென்று, 1926-இல் கண்ட மாபெரும் பீடபூமிக்குக் 'கில்ஃப் கபீர்' எனப் பெயரிட்டார். இவர் தம் தந்தைக்குப்பின் 1917-இல் தமக்கு வந்த அரியணையை வேண்டாமென மறுத்தவர். ஆயினும் பட்டை வண்டிகள் மெதுவாகச் சென்றன. எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. செல்வரும் பெருநிறுவனமும் அல்லாதார் அவற்றைக் கையாள இயலவில்லை.

மாற்றுவழியைக் கண்டவர்கள், கெய்ரோவில் பணியாற்றிய இளம் பிரித்தானிய அலுவலர்களின் ஒரு சிறு குழுவினர். அவர்களுள் முதன்மையானவர் 1896-இல் பிறந்த ரால்ஃப் பேக்னோல்டு. விடுமுறை நாள்களில், சொந்தச் செலவில், கடையில் விற்கும் சாதாரண ஃபோர்டு கார்களை வாங்கி, மேற்கூரையையும் முன்மூடியையும் கழற்றி எடையைக் குறைத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். 1927-இல் சீவாவுக்குச் சென்ற அவர்கள், 1929, 1930 ஆண்டுகளில் மணற்கடலுக்குள்ளேயே நுழைந்தனர். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில், போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்ட கனத்த எஃகுத் தவாளிப்புகள் கிடந்ததைக் கண்ட பேக்னோல்டு, அவற்றை வாங்கிப் புதைந்த சக்கரங்களின் முன்னால் இட்டு வண்டியை வெளியேற்றப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் கரடுவழி வண்டிகளின் பக்கத்தில் கட்டித் தொங்கும் மணல் தகடுகள் அவற்றின் வழித்தோன்றல்களே. டயரின் காற்றை இறக்கும்போது அதன் அடிப்பகுதி ஒட்டகத்தின் பாதம் போல அகன்று, எடையைப் பரப்பி, மணலின் மேற்பரப்பு உடையாமல் காக்கிறது என்பதையும் அவர்கள் பழக்கத்தில் நிலைப்படுத்தினர்.

மணற்குன்றுகளைக் கடந்த முறைதான் இக்குழுவின் தலையாய கண்டுபிடிப்பாகும். குன்றைக் கண்டால் சுற்றிச் செல்வதே அதுவரை ஓட்டுநரின் இயல்பு. மாறாக, பேக்னோல்டு எதிரே சுவர்போல் எழுந்த மணலை நோக்கி முழுவேகத்தில் செலுத்தியபோது, கார் புதையாமல் சீராக மேலேறிற்று. இதன் காரணத்தை அவர் பின்னர் அறிவியல் முறையில் ஆராய்ந்தார். காற்று மோதும் பக்கத்தில் மணல் துகள்கள் துள்ளித் துள்ளி வந்து, ஒன்றையொன்று இடித்து, இடைவெளியின்றிப் பொருந்தி இறுகுகின்றன. உச்சியைத் தாண்டிய துகள்கள் மறைவுப் பக்கத்தில் விழுந்து, சுமார் 34 பாகைச் சாய்வில் சரிந்து, நெகிழ்ந்த குவியலாகக் கிடக்கின்றன. எனவே ஏறும் பக்கம் கெட்டி, இறங்கும் பக்கம் பொதி. ஏறும்போது தயங்குபவர் புதைகிறார். உச்சியில் விரைபவர் மறுபுறத்து வெற்றிடத்தில் பாய்ந்து கவிழ்கிறார். சீவாவின் ஓட்டுநர் உச்சியில் ஒரு கணம் வேகத்தைத் தணிப்பதன் காரணம் இதுவே. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுக்குழாய் அமைத்துச் செய்த சோதனைகளைக் கொண்டு பேக்னோல்டு எழுதி 1941-இல் வெளிவந்த, காற்றால் நகரும் மணலின் இயற்பியல் பற்றிய நூல், இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. செவ்வாய்க் கோளில் 'கியூரியாசிட்டி' ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு இவர் பெயரே இடப்பட்டுள்ளது.

திசை காணும் முறையும் அதே அளவுக்கு முதன்மையானது. காந்த ஊசி, காரின் இரும்பாலும் எஞ்சினின் காந்தத்தாலும் பிறழ்வதால், அதைப் பார்க்க வண்டியை நிறுத்திச் சற்றுத் தொலைவு நடந்து செல்ல வேண்டும். ரோந்துப் படையினரின் வழியைப் பின்பற்றி பேக்னோல்டு செம்மைப்படுத்திய கதிரவத் திசைகாட்டி, பாகைகள் குறிக்கப்பட்ட வட்டத் தட்டும் அதன் நடுவில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய ஊசியும் கொண்டது. அந்தந்த நேரத்தில் கதிரவன் நிற்கும் திசையை அட்டவணையில் பார்த்துத் தட்டைத் திருப்பி வைத்து, ஊசியின் நிழல் உரிய பாகையில் விழுமாறு ஓட்டினால் வண்டி நேர்வழியில் செல்லும். கோடையின் நண்பகலில் நிழல் குறுகிவிடுவதால் அப்போது பயணம் நின்றது. அதுவே உணவு வேளையாயிற்று. இரவில் தியோடோலைட் என்னும் கோணமானியால் விண்மீன்களை அளந்து, வானொலியில் வரும் நேரக் குறிப்போடு ஒப்பிட்டு, நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்தனர். இவ்வாறு பகல் என்பது ஓடும் பொழுதாகவும் இரவு என்பது சரிபார்க்கும் பொழுதாகவும் வகுக்கப்பட்டது.

இக்காலத்துக் கார்கள் தேடிச் சென்றவற்றுள் செர்சூரா என்னும் கட்டுக்கதைப் பாலைச்சோலையும் ஒன்று. ஹங்கேரியரான லாஸ்லோ அல்மாசி, நில அளவைத் துறையின் பேட்ரிக் கிளேட்டன் முதலியோர் இத்தேடலில் கில்ஃப் கபீரின் பள்ளத்தாக்குகளை வரைபடத்தில் ஏற்றினர். நீந்துவோர் உருவங்கள் தீட்டப்பட்ட வாடி சூரா குகையை அல்மாசி 1933-இல் கண்டார். ஆனால் இவ்வரலாற்றில் மனிதநேயத்தால் உயர்ந்து நிற்பது வேறொரு நிகழ்ச்சி. 1931 ஜனவரியில் இத்தாலியப் படைகள் குஃப்ராவைக் கைப்பற்றியபோது, அவ்வூர் மக்கள் பெண்களோடும் குழந்தைகளோடும் கிழக்கே ஓடி, உவைனாத் வழியாகப் பல நூறு கி.மீ. நீரற்ற வெளியில் எகிப்தை நோக்கி நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். அப்பகுதியில் நில அளவைக்காக இருந்த கிளேட்டன், தம் கார்களில் அவர்களைத் தேடிச் சென்று ஏற்றி வந்து பலரைக் காப்பாற்றினார். தாக்லாவை நடந்தே வந்தடைந்தவர்களும் இருந்தனர். மோட்டார் வண்டி அப்பாலையில் செய்த பணிகளுள் இதற்கு ஈடானது வேறில்லை.

இரண்டாம் உலகப்போரில் இந்த அறிவு முழுவதும் படைத்துறைக்கு மாறியது. 1940-இல் தளபதி வேவெல் ஒப்புதல் அளிக்க, பேக்னோல்டு சில வாரங்களில் 'நெடுந்தொலைவுப் பாலைவனப் படை'யைத் திரட்டினார். முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள். செவ்ரோலே லாரிகளில் மணற்கடலைக் கடந்து எதிரியின் பின்புறத்தை வேவு பார்த்த அப்படைக்குச் சீவா சிலகாலம் தளமாக இருந்தது. இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களின் 'இந்திய நெடுந்தொலைவுப் பிரிவு' ஒன்றும் இப்படையோடு இணைந்து பணியாற்றியது. இந்திய வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி இது. மறுபக்கம் சேர்ந்த அல்மாசி, 1942 மே மாதத்தில் இரண்டு ஜெர்மானிய ஒற்றர்களை அதே பாலை வழியாக நைல் கரையிலுள்ள அசியூத் அருகே கொண்டுசேர்த்தார். ஒன்றாகச் செர்சூராவைத் தேடியவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

போர் விட்டுச் சென்றவற்றுள் ஜீப்பும் ஒன்று. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் அவ்வண்டியின் வழியில் 1948-இல் லேண்ட் ரோவரும், 1950-களில் டொயோட்டாவின் லேண்ட் குரூசரும் வந்தபின், பேக்னோல்டின் குழுவினர் உயிரைப் பணயம் வைத்துக் கற்றதை எவரும் ஒரு பிற்பகலில் செய்துபார்க்க முடிந்தது. 1980-களில் மெர்சா மத்ரூவிலிருந்து தார்ச்சாலை வந்ததோடு சீவா வெளியாருக்குத் திறந்தது. போரின் வேறொரு எச்சமோ இன்னும் நீங்கவில்லை: எகிப்தின் வடமேற்கில் புதைந்துகிடக்கும் கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் 1.7 கோடி அளவில் இருக்கும் என்பது அந்நாட்டு அரசு கூறும் மதிப்பீடு. 2015 செப்டம்பரில் மேற்குப் பாலைவனத்தில் உணவுக்காக நின்றிருந்த மெக்சிகோ நாட்டுப் பயணியரையும் அவர்களுடைய எகிப்திய வழிகாட்டிகளையும் தீவிரவாதிகள் எனத் தவறாகக் கருதிப் பாதுகாப்புப் படையினர் தாக்கியதில் 12 பேர் உயிரிழந்தபின், பாலைக்குள் செல்வதற்கான கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. சீவாவில் மணற்கடலுக்குள் ஒரு பகல் செல்வதற்கும் படைத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும்.

மணற்குன்றில் பதியும் தடத்தைக் காற்று சில நாள்களில் அழித்துவிடுகிறது. சரளை பரவிய செரீரில் அவ்வாறன்று. 1930-களிலும் போர்க்காலத்திலும் சென்ற வண்டிகளின் தடங்கள் அங்கே இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. தாக்லாவின் தென்மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள அபு பல்லாஸ் என்னும் குன்றின் அடியில், 4,000 ஆண்டுகளுக்கு முன் கழுதைச் சாத்துகள் நீர் சேமித்த மட்பாண்டங்கள் குவிந்து கிடந்ததை முதல் உலகப்போரின் இறுதியில் காரில் சென்ற நில அளவையாளர் ஜான் பால் கண்டார். அடுத்த ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் முழுமையான பானைகள் பலவற்றைக் காணலாம். இப்போது அங்கிருப்பவை பெரும்பாலும் ஓடுகளே. வந்தவர்கள் உடைத்தனர், எடுத்துச் சென்றனர். நாற்பது நூற்றாண்டுகள் காற்றும் வெயிலும் விட்டுவைத்ததை நூறாண்டுக்குள் மோட்டார் பயணிகள் அழித்தனர் என்பது மறுக்க முடியாத குற்றச்சாட்டு. எனவே பாலைக்குள் ஒரு பகல் செல்ல விரும்புவோர், உள்ளூர் ஓட்டுநரையே அமர்த்திக்கொள்ள வேண்டும். சரளை வெளியில் முன்னரே உள்ள தடத்தை விட்டு விலகாமல் வண்டியைச் செலுத்தச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் ஓட்டையோ கல்லையோ கையில் எடுக்காமல் திரும்ப வேண்டும்.